கருப்பு வெள்ளையில் அரூப இயற்கை: எடுப்பதும், அதன் முன் உட்காருவதும்

மூடுபனிக்குள் ஒற்றை மரம். இரண்டு நிமிட எக்ஸ்போஷரில் பாலாக உறைந்த கடல். நான்கு மூலையும் இருட்டடித்த ஒரு படம், கீழே ‘மௌனம்’ என்று தலைப்பு. கருப்பு வெள்ளை இயற்கைப் படங்களில் ஆன்மிகம் என்றதும் கண்ணில் படுபவை பெரும்பாலும் இவைதான். பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் முழு வேலையையும் பனியும் ஃபில்டருமே செய்து முடித்துவிடுகின்றன. எடுப்பவருக்கும் மிச்சமில்லை, பார்ப்பவருக்கும் மிச்சமில்லை. அரூபப் படத்திடம், அதாவது எதை எடுத்தது என்று உடனே பெயர் சொல்லிவிட முடியாத படத்திடம், கேட்க வேண்டியது வேறு. பார்ப்பவர் ‘இது என்ன?’ என்று கேட்கிறார். பதில் கிடைக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கீழே வைத்துவிட்டு அவர் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மங்கலான படம் அவரை அந்த இடத்துக்குக் கொண்டுபோகாது. துல்லியமான படம்தான் கொண்டுபோகும். எனவே இந்தப் பதிவில் தியானத்தைப் பற்றி உள்ளதைவிட மில்லிமீட்டர்களைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

புகைப்படக்காரர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் 1922-ல் அமெரிக்காவின் லேக் ஜார்ஜில் மேகங்களை எடுக்கத் தொடங்கினார். தன் முன் உட்காரும் மனிதர்களை அவர் வசியப்படுத்துகிறார், படங்களின் வலிமை அதனால் வருகிறது என்றொரு பேச்சு அப்போது இருந்தது. எல்லார் தலைக்கு மேலும் காசில்லாமல் கிடக்கும் ஒரு பொருளை எடுத்துக் காட்டினால் அந்தப் பேச்சு அடங்கும் என்பது அவர் கணக்கு. பின்னால் ‘ஈக்விவலன்ட்ஸ்’ என்று அவர் பெயரிட்ட அந்த வரிசையில் பல படங்களில் தொடுவானம் இல்லை, ஒரு மரக்கிளைகூட இல்லை. எது மேல், எது கீழ் என்று சொல்ல முடியாது. அளவும் 4×5 அங்குல நெகட்டிவின் காண்டாக்ட் பிரிண்ட் (நெகட்டிவைத் தாளின் மேல் நேராக வைத்து அதே அளவில் எடுப்பது), அதாவது உள்ளங்கையளவுதான். இந்த வழியைப் புகைப்படக்காரர் மைனர் வைட் (1908–1976) மேலே கொண்டுபோனார். எடுப்பதற்கு முன் அசையாமல் உட்காருவது, எடுத்த படத்தின் முன் அசையாமல் உட்காருவது, இரண்டையும் ஒரே பயிற்சியின் இரு பாதிகளாக மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். நல்ல அரூபப் படத்தில் இரண்டும் சேர்ந்தே நிற்கும். புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் 1930-ல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படத்தைப் பாருங்கள். அது குடைமிளகாய்தான், யாரும் ஏமாறுவதில்லை. ஆனாலும் அதைக் குடைமிளகாய் என்று சொல்லிவிட்டு நகர முடிவதில்லை. புனலின் உட்சுவர் நாலாபக்கமும் ஒளியைத் திருப்பியடித்ததால் நிழலுக்குள்ளும் தோலின் மினுமினுப்பு குறையவில்லை. மேற்பரப்பு இவ்வளவு நேர்மையாகப் பதிந்திருப்பதால்தான் பார்ப்பவர் அதை நம்பி மேலே போகிறார். அதே உருவத்தை மங்கலாக எடுத்திருந்தால், புகைப்படக்காரர் ஏதோ வித்தை காட்டுகிறார் என்று அங்கேயே நின்றுவிடுவார்.

முதல் வேலை, அளவைக் காட்டிக்கொடுப்பவற்றை அகற்றுவது. ஒரு புல்நுனி போதும், பாறை உடனே பாறையாகி, இத்தனை அங்குலம் என்றும் ஆகிவிடும். காய்ந்த இலை, எறும்பு, காலடித் தடம், தொடுவானம், உடைந்த சிப்பி எல்லாமே அப்படித்தான். வியூஃபைண்டரில் நடுவைப் பார்ப்பதை விட்டுவிட்டு நான்கு விளிம்புகளையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் ஓரங்களில்தான் ஒளிந்திருக்கும். சட்டத்துக்கு வெளியே போகும் கோடு எங்கே வெளியேறுகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். மூலையின் மிகச் சரியான முனையில் ஒரு கோடு வெளியேறினால் கண்ணும் அதோடு வெளியே போய்விடும். கேமராவை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினாலே அது சரியாகும்.

பாறை, மரப்பட்டை, பனிக்கட்டி போன்ற தட்டையான பரப்புகளில் அதிகம் தவறுவது இணைகோடு. சென்சாரும் பாறைமுகமும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் ஒரு மூலை மங்கும். மங்கிய மூலை ‘இது கிட்டத்தில் வைத்து எடுத்த மேக்ரோ படம்’ என்று சொல்லிவிடும். பார்ப்பவருக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது, கதை முடிந்தது. கணக்கைப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் பொருளின் பாதி அளவில், அதாவது 1:2 என்ற விகிதத்தில், எஃப் 11 (லென்ஸ் துளையின், அதாவது அபெர்ச்சரின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்) வைத்தால் கூர்மையாகக் கிடைக்கும் ஆழம் சுமார் 4 மில்லிமீட்டர். பட்டையின் ஒரு பிளவே அதைவிட ஆழமாக இருக்கும். சரி, எஃப் 22-க்குப் போகலாமே என்றால் ஆழம் 8 மில்லிமீட்டர் ஆகும். ஆனால் அந்தக் கிட்டத்தில் லென்ஸின் உண்மையான அபெர்ச்சர் எஃப் 33-க்குப் போய்விடுகிறது, டிஃப்ராக்‌ஷனால் அதாவது சிறிய துளையில் ஒளி விரிந்து பரவுவதால், முழுப் படமும் லேசாகக் குழைந்துவிடும். எஃப் 8-க்கும் 11-க்கும் நடுவில் நின்றுகொண்டு கேமராவை இணையாக வைப்பதே மேல். அதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: சிறிய தட்டைக் கண்ணாடி ஒன்றைப் பரப்பின் மேல் ஒட்டினாற்போல் பிடித்து, வியூஃபைண்டரில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் தெரிந்தால் இணை சரி. மேலும் கீழுமாக ஆழம் இருக்கும் பாறைக்கு ஃபோகஸை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்து மென்பொருளில் சேர்க்கலாம். பாசியோ இலையோ இருந்தால் இது வேண்டாம், காற்றில் அசைந்த இடமெல்லாம் இரட்டை விளிம்பாகிவிடும்.

ஒளிக்கு வருவோம். மணலில் 1 செ.மீ. உயரமுள்ள மடிப்பு ஒன்று, சூரியன் 45 பாகையில் இருக்கும்போது 1 செ.மீ. நிழல் தரும். 10 பாகையில் இருக்கும்போது அதே மடிப்பு ஏறக்குறைய 5.7 செ.மீ. நிழல் தரும். அடுத்த மடிப்பின் அடிவாரம்வரை கருப்பு ஓடிவிடும், மணல் காணாமல்போய்க் கோடுகள் மட்டும் நிற்கும். சூரியன் ஒரு மணி நேரத்தில் 15 பாகைவரை நகர்வதால் இந்த ஒளி நீடிக்காது. இடத்தை முந்தைய நாளே பார்த்துவைப்பதும், உங்கள் காலடி படாதபடி எந்தப் பக்கமிருந்து நெருங்குவது என்று முடிவு செய்வதும் அதனால்தான். ஈரப்பாறைக்கும் மரப்பட்டைக்கும் இது நேர்மாறு. மேகம் மூடிய வானம்தான் நல்லது. நேர் வெயிலில் ஈரத்தின் ஒவ்வொரு துளியும் வெள்ளைப் புள்ளியாக எரியும், அந்தப் புள்ளிகளைப் பின்னால் எதைக் கொண்டும் மீட்க முடியாது.

நிறத்தை இழக்கும்போது எது எதோடு கலந்துவிடும் என்பதைக் கண் எளிதில் சொல்லாது. மஞ்சள் கற்பாசி நீலச்சாம்பல் பாறையில் பளிச்சென்று தெரியும்; கருப்பு வெள்ளைக்கு மாற்றினால் இரண்டும் ஒரே சாம்பலாகிவிட வாய்ப்புண்டு. சிவப்புப் பூவும் பச்சை இலையும் இதற்குப் பழைய உதாரணம். கேமராவை மோனோகுரோம் முன்னோட்டத்தில் வைத்து, ரா ஃபைலாக (சென்சார் பதித்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுங்கள். திரையில் தெரிவது கருப்பு வெள்ளை, ஃபைலுக்குள் நிறம் முழுதாக இருக்கும். பின்னால் மஞ்சளை ஏற்றி நீலத்தை இறக்கினால் கற்பாசி பாறையிலிருந்து பிரிந்து வரும். ஃபிலிமில் எடுப்பவர் அந்த இடத்திலேயே முடிவு செய்தாக வேண்டும்: மஞ்சள் 8-ஆம் எண் ஃபில்டருக்கு ஒரு ஸ்டாப் (ஒளியை இரட்டிப்பாக்கும் ஒரு படி), ஆரஞ்சுக்கு ஏறக்குறைய இரண்டு, சிவப்பு 25-க்கு மூன்று ஸ்டாப் கூட்ட வேண்டும். சிவப்பு ஃபில்டர் நீல வானத்தைக் கருப்பாக்கும். இலையையும் சேர்த்து இருட்டாக்கும். இலை வெளிச்சமாக வேண்டுமென்றால் பச்சை ஃபில்டர். வானம் முழுக்கச் சாம்பல் மேகமாக இருக்கும் நாளில் எந்த ஃபில்டரும் வானத்தை ஒன்றும் செய்யாது, பிரிப்பதற்கு அங்கே நீலம் இல்லை.

லைட் மீட்டருக்குத் தெரிந்தது ஒரே ஒரு நடுச்சாம்பல். வெண்மணலைக் காட்டினாலும் அதையே தரும், கரும்பாறையைக் காட்டினாலும் அதையே தரும். புகைப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த ஸோன் முறையின் அடிப்படையே, எந்தப் பரப்பு எந்தச் சாம்பலில் விழ வேண்டும் என்பதை மீட்டரிடம் விடாமல் எடுப்பவர் தீர்மானிப்பது. வெண்மணலுக்கு மீட்டர் சொல்வதைவிட 1 முதல் 1.5 ஸ்டாப் அதிகம், ஈரக் கரும்பாறைக்கு அதே அளவு குறைவு என்பது தொடக்கக் கணக்கு. டிஜிட்டலில் ஒரு திருத்தம் உண்டு: பாறை கருப்பாக வர வேண்டும் என்பதற்காக எடுக்கும்போதே குறைத்துவிடாதீர்கள். வெள்ளைகள் வெட்டுப்படாத அளவுக்குத் தாராளமாகப் பதிந்து, பிறகு இறக்குங்கள். நிழலில் இரைச்சல், அதாவது புள்ளி புள்ளியாக வரும் மாசு, குறையும். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் (எந்தச் சாம்பல் எவ்வளவு பதிந்தது என்று காட்டும் வரைபடம்) ஜேபெக் முன்னோட்டத்தை வைத்துப் போடப்படுவது என்பதால், முன்னோட்டத்தின் கான்ட்ராஸ்டைக் குறைத்துவைத்தால் அது உண்மைக்குக் கொஞ்சம் அருகில் வரும்.

இங்கேதான் படத்தின் கனம் முடிவாகிறது. ஒரே பாறையை அடர் சாம்பலில் வைத்தால் எடை. வெளிர் சாம்பலில் வைத்தால் அது தாள்போல், மேகம்போல் ஆகும். ‘உண்மையில் எந்தச் சாம்பல்’ என்ற கேள்விக்கு அங்கே பொருளில்லை. நின்று பார்த்தபோது உங்களுக்கு அது எவ்வளவு கனத்தது என்பதுதான் கேள்வி. இந்தப் பயிற்சியை அகவழி என்று சொல்ல ஏதாவது நியாயம் உண்டென்றால், அதில் பாதி இந்த இடத்தில் இருக்கிறது என்பேன். தன் மனநிலையைச் சரியாகக் கவனிக்காதவர் எல்லாப் படத்தையும் ஒரே கான்ட்ராஸ்டில்தான் முடிப்பார்.

மேகத்துக்கு 70–200 மி.மீ. லென்ஸ் போதும், தொடுவானத்தை விலக்கப் பரந்த லென்ஸைவிட அது வசதி. போலரைசர் (பிரதிபலிப்பையும் வானத்தின் வெளிச்சத்தையும் குறைக்கும், சுழற்றக்கூடிய ஃபில்டர்) சூரியனுக்கு 90 பாகையில் உள்ள வானத்தைத்தான் அதிகம் இருட்டாக்கும், ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியையும் தின்னும். 28 மி.மீ.யைவிட அகன்ற லென்ஸில் போட்டால் வானத்தில் ஒரு பட்டை மட்டும் கருத்து நிற்கும்.

நீருக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் ஷட்டர் வேகம் ஒவ்வொன்றும் அதை வேறு பொருளாக்குகிறது. 1/500 நொடியில் நீர் வெட்டிய உலோகம். 1/8-லிருந்து அரை நொடிவரை அது கோடுகளாக, தூரிகை இழுப்பாக வரும். 30 நொடிக்கு மேல் புகை. 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியை மட்டும் குறைக்கும் கருத்த கண்ணாடி) போட்டால் 1/30 நொடி ஏறக்குறைய 34 நொடியாகிவிடும், அதனால் புகைக்குப் போவது இன்று மிகச் சுலபம். ஆனால் அந்தப் புகையில் அந்த நீர் இல்லை. எந்த ஆற்றிலும் எந்தக் கடலிலும் ஒரே புகைதான் வரும். அரை நொடிக்குள் நின்றால் பாறையில் மோதித் திரும்பிய வளைவு, சுழியின் திசை எல்லாம் மிஞ்சும். நீண்ட எக்ஸ்போஷர்தான் வேண்டுமென்றால் இரண்டு விஷயங்கள். எஸ்எல்ஆர் கேமராவில் வியூஃபைண்டர் துளையை மூடுங்கள், இல்லாவிட்டால் அதன் வழியே புகும் ஒளி படத்தின் மேல் வெளிறிய பட்டையாக விழும். ஃபிலிமில் ரெசிப்ராசிட்டி தோல்வியை, அதாவது நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிமின் உணர்திறன் குறைவதை, கணக்கில் எடுங்கள். இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ்ஸில் மீட்டர் 10 நொடி சொன்னால் கொடுக்க வேண்டியது சுமார் 20 நொடி.

தேங்கிய நீரில் போலரைசரைச் சுழற்றிப் பாருங்கள். பரப்போடு 37 பாகை அளவில் சாய்வாகப் பார்க்கும்போது பிரதிபலிப்பு ஏறக்குறைய முழுதாக மறைந்து அடித்தளம் தெரியும். போலரைசரை 90 பாகை திருப்பினால் அடித்தளம் மறைந்து வானம் வந்து அமரும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினால் கூழாங்கல்லும் மேகமும் ஒரே தளத்தில் கலந்து கிடக்கும். பெரும்பாலானவர்கள் பிரதிபலிப்பை ஒழிக்கத்தான் போலரைசர் வாங்குகிறார்கள். அரூபத்துக்கு இந்த நடுநிலைதான் புதையல்.

எடுக்கும் முறைக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். கேமராவைப் பையிலேயே விட்டு இருபது நிமிடம் ஒரே இடத்தில் உட்காருங்கள். கருப்பு அட்டையில் படச் சட்டத்தின் விகிதத்தில் ஒரு துளை வெட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி அதன் வழியாகப் பாருங்கள். ஒற்றைக் கண் ஆழத்தைக் குறைத்து, கேமரா பார்ப்பதுபோல் தட்டையாகக் காட்டும். பிறகு ஒரு சதுர மீட்டர் பரப்பைத் தேர்ந்தெடுத்து, ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு படம் என்று வரம்பு வையுங்கள். முதலில் எடுப்பவை எல்லாம் ஏற்கெனவே எங்கோ பார்த்த படங்களாக இருக்கும். அவை தீர்ந்து, சலிப்பு வந்து, ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று தோன்றும். அந்தச் சலிப்பிலும் எழுந்துபோகாமல் இருப்பதுதான் பயிற்சி. எடுத்தவுடன் திரையில் படம் தெரியும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை திரையைப் பார்க்கும்போதும் மதிப்பெண் போடும் மனம் விழித்துக்கொள்கிறது, பார்த்துக்கொண்டிருந்த மனம் கலைந்துவிடுகிறது. டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த துறவி தாமஸ் மெர்டன் (1915–1968) தன் கடைசி ஆண்டுகளில் கெண்டக்கியின் மடத்தைச் சுற்றி வேர்களையும் உளுத்த மரத்தையும் கருப்பு வெள்ளையில் எடுத்தார். எந்தச் சமயச் சின்னமும் தேவைப்படாத படங்கள் அவை.

தோற்கும் படங்களில் மூன்று வகை திரும்பத் திரும்ப வரும். முதலாவது புதிர்ப் படம்: ‘என்னவென்று கண்டுபிடியுங்கள்’ என்று கேட்கும், பதில் தெரிந்ததும் செத்துவிடும். இதற்குச் சோதனை சுலபம். அது என்னவென்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒருவரிடம் காட்டுங்கள். அவர் உடனே அடுத்த படத்தைக் கேட்டால் அது புதிர்தான். இரண்டாவது முகம் தெரியும் படம். பட்டையில் கிழவி, பாறையில் யானை. முகத்தைத் தேடுவது மூளையின் பழக்கம், ஒருமுறை தெரிந்துவிட்டால் வேறெதையும் பார்க்க விடாது. எடுக்கும் முன் கேமராவைச் சாய்த்தோ தலைகீழாக யோசித்தோ இரண்டு புள்ளிகளும் ஒரு கோடும் சேர்ந்து முகமாகாதபடி வெட்டிவிடுங்கள். மூன்றாவது வெறும் கோலம்: ஒரே மாதிரி வரிகள் விளிம்புக்கு விளிம்பு. கண்ணுக்கு இதம், துணிக்கடைக்கு உதவும். வரிசை எங்கே முறிகிறதோ அந்த இடத்தைத் தேடிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தால் படம் மூச்சுவிடும்.

கணினியில் 16 பிட்டில், அதாவது சாம்பலை மிக நுணுக்கமான படிகளில் சேமிக்கும் முறையில், வேலை செய்யுங்கள். 8 பிட்டில் வானத்தின் மென்மையான சாய்வுகள் படிக்கட்டுகளாக உடையும். நீல ஸ்லைடரைக் கடைசிவரை இழுத்தால் நிறத்தில் ஒளிந்திருந்த இரைச்சல் திட்டுத்திட்டாக வெளிவரும், மேக விளிம்பில் வெள்ளைக் கோடும் முளைக்கும். நடுச்சாம்பல்களின் கான்ட்ராஸ்டை ஏற்றும் கிளாரிட்டி ஸ்லைடர்தான் இந்தத் துறையின் உப்பு. அது நாக்கில் தெரிந்தாலே அதிகம் என்று அர்த்தம். ஒட்டுமொத்தக் கான்ட்ராஸ்டை ஏற்றுவதற்குப் பதில், 5 முதல் 10 சதவீத அடர்த்தியில் பிரஷ் வைத்து இடம் இடமாக வெளிச்சமாக்குவதும் இருட்டாக்குவதும் மெதுவான வேலை. ஆனால் அந்த மெதுவில்தான் படத்தில் கண் எந்த வழியாக நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியவரும்.

பிரிண்ட் போடாமல் இதில் எதுவும் முழுமையாகாது, திரையில் எல்லாமே உள்ளிருந்து ஒளிர்வதால் நிழலின் கனம் பொய்யாகத் தெரியும். பிரிண்ட் இருட்டாக வருகிறது என்று புலம்புபவர்களில் பெரும்பாலோர் மானிட்டரை அதிக வெளிச்சத்தில் வைத்திருப்பவர்கள். சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (திரை வெளிச்சத்தின் அலகு) அளவுக்கு இறக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். ஈரப்பாறை, கருத்த நீர் போன்றவற்றுக்குப் பரைட்டா தாள் (பேரியம் சல்ஃபேட் பூச்சுள்ள, லேசாக மினுங்கும் தாள்), அதன் கருப்பு ஆழமானது. பனி, மணல், மென்மேகத்துக்கு மினுங்காத பருத்தி மேட் தாள்; கருப்பு கொஞ்சம் சாம்பலாகத்தான் நிற்கும், இந்தப் படங்களுக்கு அது குறையில்லை. டார்க்ரூமில் ஃபைபர் தாளில் போடுபவர்கள் சோதனைத் துண்டைக் காயவைத்த பிறகே முடிவெடுக்க வேண்டும், காய்ந்ததும் வெளிச்சப் பகுதிகள் ஒரு படி மங்கும். அளவைப் பொறுத்தவரை, சிறிதாகவே தொடங்குங்கள். 12×15 செ.மீ. பிரிண்ட் பார்ப்பவரைக் கைக்கெட்டும் தூரத்துக்கு இழுக்கும்.

ஒரு பிரிண்டைக் கண் மட்டத்தில் வைத்து, பத்து நிமிடம் அதன் முன் உட்காருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றே. முதலில் மனம் பெயர் தேடும், பிறகு நுட்பக் குறை தேடும், பிறகு அலைபாயும். அது எங்கே அலைந்தது, எந்த மூலைக்குத் திரும்பி வந்தது, மூச்சு இறுகியதா தளர்ந்ததா என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்; படம் எதைக் குறிக்கிறது என்று எழுதாதீர்கள். சில நாள் கழித்து இரண்டு பிரிண்ட்களை அருகருகே வைத்தால், தனியாக இருந்தபோது இல்லாத ஒன்று நடுவில் எழும். மைனர் வைட் படங்களை வரிசைகளாகக் கோத்தது இதற்காகத்தான். ஒரு வரிசைக்கு ஏழெட்டுப் படங்களுக்கு மேல் வேண்டாம்.

தலைப்பு விஷயத்தில் கறாராக இருக்கலாம். ‘அனந்தம்’, ‘சரணாகதி’ என்று எழுதினால் பார்ப்பவர் செய்ய வேண்டியதை நீங்களே செய்துவிடுகிறீர்கள். ஜப்பானியப் புகைப்படக்காரர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980-லிருந்து எடுத்துவரும் கடல் படங்களில் சட்டத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தொடுவானம், மேலே காற்று, கீழே நீர், அவ்வளவுதான். தலைப்பு கடலின் பெயர், இடம், ஆண்டு. எண் போடுவதைவிட இது நல்லது என்று நினைக்கிறேன், பின்னால் வரிசையை மாற்றி அடுக்கும்போது எந்தப் படம் எந்த ஒளியில் எடுத்தது என்ற குழப்பமும் வராது. பிரிண்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை முன்பக்கத்துக்கு ஊறும்.